கொழம்பு வைக்க எனக்குத் தெரியும்

சேரியில் பொம்பளைங்க தன்னுதுன்னு சொல்லிக்கிற சொத்து பெரும்பாலும் கோழிதான். நிலம் கிடையாது. மனைப்பட்டா இருந்தாலும் பல வூட்டுல அது ஆம்பள பேர்ல. கூலிக்காசு அடுப்புக்கே சரியாப் போயிடும். முட்டை வித்த காசுதான் முந்தானையில் முடிச்சாக இருக்கும். நான் எம்.ஏ. படித்தபோது விடுதிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அம்மா அவிழ்த்தது அந்த முடிச்சைத்தான்.

ஊர்த்தெருக்காரங்க எங்க சொம்புல தண்ணி குடிக்க மாட்டாங்க. ஆனா பண்டிகைன்னா எங்க தெருவுக்கு ஆள் அனுப்பிச் சேவல் வாங்குவாங்க. எங்க குப்பையில கெளறி, எங்க வூட்டுக்குள்ள அடைஞ்ச கோழிக்குத் தீட்டு இல்ல. அறுத்துத் தின்னலாம். அது உசுரோட நாலு அடி நடந்து அவங்க களத்துல நெல்லைக் கொத்திட்டாத்தான் 'சேரிக்கோழி'.

போன அறுவடையில் எங்க செவலைப் பெட்டைக்கு நடந்தது இதுதான். ஒன்பது குஞ்சோடு களத்துப் பக்கம் போனதின் மேல் நாயை ஏவிவிட்டார்கள். முதுகுத் தோல் உரிந்து சதை தெரிந்தது. 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுங்க. றெக்கை மூடும்வரை தாய்ச்சூடு வேணும். தாய் போனா குஞ்சும் போவும்.

அம்மா அழவில்லை. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணியை ஆறவைத்து, புண்ணைக் கழுவினாள். சுத்தியிருந்த றெக்கையைக் கத்தரித்தாள். பிடுங்கினா தோலும் சேர்ந்து வந்துடும்னாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். கூடையில் கவுத்து மேலே பழைய சேலையைப் போர்த்தினாள். செவப்பைக் கண்டா மத்த கோழிங்க கொத்தும், ஈ மொய்ச்சா புழு வைக்கும். ராத்திரிக்கு மட்டும் குஞ்சுங்களை அடியில் விட்டாள். இருட்டுல எதுவும் கொத்தாதாம். தண்ணியைத் தொண்டையில் ஊத்தாமல் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தாள். ஊத்தினால் மூச்சுக்குழலில் போய்விடும்.

மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனோம். நாய்க்கடி ஆழமாப் போயிருந்தா உள்ளே சீழ் வைக்கும்னு பயம். அங்கே இருந்தவர் சிரித்தார். "இதுக்கு வைத்தியமா? அறுத்துக் கொழம்பு வையும்மா."

"கொழம்பு வைக்க எனக்குத் தெரியும். அத கேக்கவா நாலு மைல் நடந்து வந்தேன்? ஆண்டை வூட்டு மாட்டுக்கு இப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

அவர் பேசவில்லை. ஊசி போட்டார், பூச மருந்தும் கொடுத்தார்.

திரும்பும்போது அம்மா வீட்டுக்கு வரவில்லை. கூடையோடு நேரே களத்துக்குப் போய் நின்றாள். "ஒங்க ஆடு எங்க கீரைப்பாத்தியத் தின்னா நாங்க வெரட்டி வுடுறோம். எங்க கோழின்னா நாயா?" பணம் கிடைக்கவில்லை. வசவுதான் கிடைத்தது. ஆனால் பத்துப் பேர் பார்க்க அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தாள். மறுவாரம் அந்த நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

மூணு வாரத்தில் புண் மூடியது. குஞ்சில் ரெண்டைப் பருந்து தூக்கியது. மிச்சம் ஏழு வளர்ந்தன.

நான் உண்மை அறியும் குழுக்களோடு பல சேரிகளுக்குப் போயிருக்கிறேன். அடிபட்டவர் பெயர், காயத்தின் அளவு, தையல் எத்தனை, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எழுதுவோம். அது தேவைதான். ஆனால் அன்று ராத்திரி வெந்நீர் வைத்தவள் யார், மஞ்சள் அரைத்தவள் யார், ஆஸ்பத்திரி வாசலில் வாய்ச்சண்டை போட்டு மருந்து வாங்கியவள் யார் என்று எந்த அறிக்கையிலும் இல்லை. நம் கதைகளிலும் வெட்டுப்பட்ட உடம்பு வருகிறது. அதை ஆற்றிய கை வருவதில்லை.

கோழிக்குப் பார்த்த அதே வைத்தியத்தைத்தான் அம்மா தடியடி பட்டு வந்த என் சித்தப்பாவுக்கும் பார்த்தாள். அதே உப்புத்தண்ணி, அதே மஞ்சள், அதே கேள்வி. இதைப் பொம்பள வேலை என்று ஒதுக்கிவிட்டு எந்தப் போராட்ட வரலாற்றை எழுதப் போகிறோம்?