அன்று அப்படிச் செய்திருந்தால்...

மையித்து வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்லும்போதெல்லாம் நம் செவியில் அநேகமாக ஒரே பேச்சுத்தான் விழுகிறது. "முந்தின நாளே சேலத்துக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரே!" இளம்பிள்ளையிலிருந்து சேலம் நெடுந்தூரமன்று; அதனாலேயே வேதனை கூடுகிறது. தறிச் சத்தம் நின்றுபோன வீட்டில், கணவரை இழந்த பெண்கள் இத்தாக் காலம் முழுவதும் இதையே தஸ்பீஹ் மணிபோல் உருட்டிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இந்த வேதனையையே கருவாக்கி, ஆங்கில எழுத்தாளர் மாட் ஹேக் 2020இல் வெளியிட்ட 'தி மிட்நைட் லைப்ரரி' என்னும் நாவலை அண்மையில் வாசித்தோம். உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த நோரா என்ற பெண், வாழ்வுக்கும் மரணத்துக்கும் இடையே ஒரு நூலகத்தில் வந்து நிற்கிறாள். அங்குள்ள ஒவ்வொரு நூலும், அவள் வேறொன்றைத் தேர்ந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை. (பேருந்தைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொன்று என 2001இல் வந்த '12பி' திரைப்படம் சிலருக்கு நினைவுக்கு வரலாம்.) தற்கொலை ஹராம் என்பதையும், பர்ஸக் இப்படிப்பட்டதன்று என்பதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். கதையைக் கதையாகவே கொள்வோம்.

நம்மை நிறுத்திய இடம் ஒன்றுண்டு. ஒரு மருத்துவர் காபி அருந்த அழைத்தபோது நோரா மறுத்திருந்தாள். சரியென்று சொல்லியிருந்தால்? அந்த நூலைத் திறக்கிறாள். அன்பான கணவர், பெண் குழந்தை, நல்ல வீடு. ஆனால் பழைய ஊருக்குப் போய்ப் பார்த்தால், முந்தைய வாழ்வில் அவள் பியானோ கற்றுக்கொடுத்த சிறுவன் லியோ, இங்கே திருட்டுக் குற்றத்தில் காவலர்களிடம் சிக்கி நிற்கிறான். (இசை பற்றிய ஃபத்வாவை இங்கே தேட வேண்டாம்.) அவள் மருந்து வாங்கிக் கொடுத்துவந்த அண்டைவீட்டு முதியவர் பானர்ஜி, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீணென்று அவள் வெறுத்த வாழ்க்கைதான் அவ்விருவரையும் தாங்கி வந்திருக்கிறது.

துன்பம் நேர்ந்தபின் 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்ல வேண்டாம், அந்த 'லவ்' ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறந்துவிடும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு, துக்கத்திலிருப்பவரின் வாயை அடைப்பது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது முறையன்று. பயன் தருவதில் ஆர்வம் கொள்ளுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், சோர்ந்துவிடாதிருக்குமாறும் அதே ஹதீஸ்தான் முதலில் சொல்கிறது. ஹஜ்ஜத்துல் வதாவில் நபி (ஸல்) அவர்களே, பின்னர் தெரிந்தது முன்னரே தெரிந்திருந்தால் குர்பானிப் பிராணியை உடன் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்னும் கருத்தில் பேசியுள்ளார்கள். ஆகுமான 'லவ்' பற்றி இமாம் புகாரீ (ரஹ்) தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். அடுத்த நோயாளியை விரைந்து கொண்டு செல்லத் தூண்டும் 'இருந்தால்' வேறு. மறைந்தவரை முன்வைத்துத் தன்னையே வதைக்கும் 'இருந்தால்' வேறு. சேலத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்பதற்குத்தான் யாரிடம் என்ன சாட்சி இருக்கிறது?

நோராவுக்குக் கிடைத்த நூலகம் நமக்கில்லை. எனினும், நடக்காமற்போன மறுபாதையை ஒரேயொரு பலகையின் அளவுக்கு, ஜும்ஆ நாளில் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயம் திறந்து காட்டுகிறது. ஏழைகளின் படகை ஹிள்ரு (அலை) பழுதாக்குகிறார்கள். மூஸா (அலை) அவர்களால் பொறுக்க முடியவில்லை. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான் என்ற விளக்கம் பிறகுதான் வருகிறது. படகு பழுதாகாமல் இருந்திருந்தால் அது அவர்கள் கையில் இருந்திருக்காது.

இந்த விளக்கம் மூஸா (அலை) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. படகுக்காரர்களுக்குச் சொல்லப்பட்டதாகக் குர்ஆனில் இல்லை. அவர்கள் கண்டது ஓட்டையை மட்டுமாகவே இருந்திருக்கலாம். அதை அடைத்துக்கொண்டு, மறுநாளும் பிழைப்புக்காகக் கடலில் இறங்கியிருப்பார்கள்.