கொள்ளைக்காரர்கள் போன பிறகு

சென்னையிலிருந்து தில்லி செல்லும் ரயில்கள் மத்தியப் பிரதேசத்தின் முரேனாவைத் தாண்டியதும் ஒரு விசித்திரமான பூமிக்குள் நுழைகின்றன. மழையில் கரைந்து கரைந்து, கூரான மேடுகளும் இருண்ட பள்ளங்களுமாக மண் நொறுங்கிக் கிடக்கிறது. பிறகு ஒரு நீளமான பாலம். கீழே சம்பல் நதி. அக்கரையில் ராஜஸ்தானின் தோல்பூர். பல ரயில்கள் இந்த இடத்தை இருட்டில்தான் கடக்கின்றன. தென்னிந்தியப் பயணிகள் இந்தியாவின் மிகச் சுத்தமான நதிகளில் ஒன்றைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறார்கள்.

பார்த்தவர்களும் இறங்கியதில்லை. சம்பல் என்றால் பூலான் தேவி, மல்கான் சிங், தோளில் துப்பாக்கி, நெற்றியில் குங்குமம். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் ஏராளமான கொள்ளைக்காரர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தது இதே முரேனா மாவட்டத்தின் ஜௌராவில்தான். 1983இல் பூலான் தேவி சரணடைந்தது பக்கத்து மாவட்டமான பிண்டில். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் குவாலியருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கோட்டையையும் தான்சேன் சமாதியையும் பார்த்துவிட்டு இன்னமும் ஆக்ராவுக்கு நடையைக் கட்டுகிறார்கள். கையில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது என்று உள்ளூர்க்காரர் யாரிடமாவது சொன்னால் போதும், மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் வரும்: மிதாவலி, படாவலி, படேஷ்வர்.

மூன்றும் குவாலியரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் வழியெங்கும் கடுகு வயல்களின் மஞ்சள். மிதாவலியில் ஒரு தனிக் குன்றின் மேல் வட்ட வடிவமான சௌசட் யோகினி கோயில். லட்யன்ஸும் பேக்கரும் தில்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை இதைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள் என்று இங்கே எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஆதாரம் கிடையாது. ஆனால் குன்றின் மேல் நின்று அந்த வட்டத்தைப் பார்க்கும்போது வாதாட மனம் வராது. படாவலியில் கோட்டைச் சுவருக்குள் ஒரு பழைய கோயிலின் மண்டபம். அதன் உட்கூரைச் சிற்பங்களைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும்.

படேஷ்வரில்தான் நேரம் போவதே தெரியாது. கூர்ஜர பிரதிஹாரர்கள் காலத்தில் தொடங்கிக் கட்டப்பட்ட சுமார் 200 சிறு மணற்கல் கோயில்கள், மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில். எல்லாம் இடிந்து, கல் மேல் கல்லாகக் குவிந்து கிடந்தன. 2005இல் தொல்லியல் துறையின் கே.கே. முகம்மது அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, அதன் இடம் எது என்று கண்டுபிடித்து, கோயில்களை மறுபடி எழுப்பத் தொடங்கினார். இன்று 80க்கும் மேற்பட்டவை எழுந்து நிற்கின்றன.

அப்போது இந்தப் பகுதி நிர்பய் சிங் குஜ்ஜரின் ஆதிக்கத்தில் இருந்தது. கோயில் வளாகத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை முகம்மது கண்டித்தார். பிறகுதான் அது நிர்பய் என்று தெரிந்தது. இந்தக் கோயில்களைக் கட்டிய கூர்ஜரர்கள் உங்கள் முன்னோர்கள் என்று முகம்மது எடுத்துச் சொல்ல, வேலைக்கு இடையூறு வரவில்லை. 2005 நவம்பரில் நிர்பய் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நிம்மதி என்று பார்த்தால், அடுத்து வந்தது வெடிச் சத்தம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கல் குவாரிக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். நிமிர்த்திய கோயில்கள் அதிர்ந்தன. வேறு வழியில்லாமல் அன்றைய ஆர்.எஸ்.எஸ். தலைவர் சுதர்சனுக்குக் கடிதம் எழுதிய பிறகே குவாரிகள் நின்றன என்று முகம்மது சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுக் கொள்ளைக்காரர்களுக்கு மாலை போட வேண்டியதில்லை. அவர்கள் கடத்திய, கொன்ற மனிதர்களின் குடும்பங்கள் இங்கேதான் வாழ்கின்றன. ஆனால் அந்தப் பயம் பலவற்றைக் காப்பாற்றியது என்பதும் நிஜம்.

நதிக்கு இன்னொரு காவலும் இருந்தது: சாபம். மகாபாரதத்தின் சர்மண்வதி இதுதான். யாகத்தில் வெட்டப்பட்ட மாடுகளின் தோல்களிலிருந்து பெருகிய நதி என்பது கதை. அதனாலோ என்னவோ, கங்கைக்கும் யமுனைக்கும் கிடைத்த கும்பல் சம்பலுக்குக் கிடைக்கவில்லை. அந்த நதிகளுக்குச் சேர்ந்த அழுக்கும் சேரவில்லை. முரேனாவிலிருந்து ராஜ்காட் போய்ப் படகில் ஏறினால் வித்தியாசம் தெரியும். மணல் திட்டுகளில் கரியால் முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்கின்றன. மெலிந்து நீண்ட மூக்கு. ஆணுக்கு மட்டும் அதன் நுனியில் ஒரு பானை போன்ற புடைப்பு. இந்தியில் 'கரா' என்றால் பானை, பெயர் வந்த வழி அதுதான். மீன்தான் உணவு. 1970களில் ஏறக்குறைய அழிந்துபோயிருந்த இந்த இனத்துக்காகத்தான் மூன்று மாநிலங்களில் நீளும் சம்பல் சரணாலயம் அமைந்தது. இன்று இங்கே 2,000க்கும் மேல். 2007-08 குளிர்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்து மிதந்தபோது நாடே திடுக்கிட்டது. மாமல்லபுரம் சாலையில் உள்ள முதலைப் பண்ணையின் ஆய்வாளர்கள் அதன் பிறகு பல ஆண்டுகளாக இங்கே கரியால்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

கரியால் முட்டையிட மணல் வேண்டும். கட்டடம் எழுப்பவும் அதே மணல்தான் வேண்டும். சரணாலயத்தில் மணல் அள்ளத் தடை இருக்கிறது, டிராக்டர்களும் இருக்கின்றன. 2012 மார்ச்சில் இதே மாவட்டத்தின் பான்மோரில், திருட்டுக் கல் ஏற்றி வந்த டிராக்டரைத் தடுத்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமார் அதே டிராக்டர் ஏறி இறந்தார்.

பறவைகளுக்காக வருகிறவர்களுக்குக் குளிர்காலம் உகந்தது. எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த முரேனாவின் கஜக்கும் அப்போதுதான் சுவை. ஆனால் நதியை அறிந்தவர்கள் ஜூன் மாதத்தைச் சொல்கிறார்கள். வெயில் கொளுத்தும். அப்போதுதான் மணலில் முட்டைகள் பொரிந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கரையோர ஆழமற்ற நீரில் மொய்க்கின்றன. சில பெரிய ஆண் முதலையின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. அது அசையாமல் கிடக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் மழை வந்து வெள்ளம் பெருகும். பெரும்பாலான குஞ்சுகள் அதைத் தாண்டுவதில்லை. படகுகளும் அதற்குள் கரையேறிவிடும்.