பால் குடிக்காத பிள்ளை

இளையாத்தங்குடியில் என் சாயங்கால கிளினிக். போன மாசம் ஒரு அப்பத்தாவும் மருமகளும் எட்டு வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"பத்து நாளா பாலே குடிக்க மாட்டேங்குது டாக்டரய்யா. வயித்துல பூச்சியா இருக்குமோ?"

காய்ச்சல் இல்லை. எடை குறையலை. உண்மையைச் சொல்லணும்னா, பூச்சி மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துட்டேன். வெளியே கூட்டம் அப்படி.

அப்போ பிள்ளை கேட்டுச்சு: "அந்த மாத்திரையில எதுவும் கலக்கலைல?"

பேனாவை வெச்சுட்டேன்.

மெதுவா விசாரிச்சதுல விஷயம் வெளியே வந்தது. அப்பா சிங்கப்பூர்ல. வீட்டில் ஆறரைக்குப் போட்ட டிவி ஒன்பதரை வரைக்கும் ஓடும். அப்பத்தா பக்கத்துல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம். ஒரு சீரியல்ல பாலில் விஷம் கலக்குற காட்சி. டம்ளரை மூணு தடவை காட்டி, 'தொடரும்' போட்டிருக்காங்க. மறுநாள் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ வாய்ச்சண்டை. அன்னிக்கு ராத்திரி அம்மா நீட்டின பாலைப் பிள்ளை வாங்கலை.

இதைக் கேட்டதும் அந்த அம்மா அழுத அழுகை... விடுங்க.

"டிவிக்கு ரூலே கிடையாதா சார்?"ன்னு கேட்டாங்க.

இருக்கு. 1994 கேபிள் டிவி விதிகளில் 6-வது விதி, பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகள் கூடாது என்கிறது. ஆனா அது எத்தனை மணின்னு சொல்லலை. 2011-ல் சேனல்கள் தங்களுக்குத் தாங்களே வெச்சுக்கிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவங்களுக்கான நிகழ்ச்சிகள் இரவு 11 முதல் காலை 5 வரை. மத்த நேரத்தில் வர்றதெல்லாம் குடும்பத்தோடு பார்க்கலாம்னு கணக்கு. விஷம் கலந்த பாலும் அதுல சேர்த்தி.

பிரிட்டனில் இரவு 9 மணி எல்லை இன்னும் இருக்கு. அமெரிக்காவில் 1975-ல் 'குடும்ப நேரம்'னு கொண்டு வந்தாங்க; அடுத்த வருஷமே கோர்ட்ல அடிபட்டுப் போச்சு. அரசு ஆணையம் சேனல்களை நெருக்கிச் செய்ய வெச்சது செல்லாதுன்னு தீர்ப்பு.

நம்ம அரசு மணி போட்டுச் சொன்னது எதுக்குத் தெரியுமா? 2017 டிசம்பர்ல, ஆணுறை விளம்பரத்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் போடணும்னு சொன்னாங்க. எதிர்ப்பு வந்ததும், ஆபாசமில்லாம பாதுகாப்பைச் சொல்ற விளம்பரங்களுக்கு இது பொருந்தாதுன்னு சில நாள்ல விளக்கம். ஆணுறை விளம்பரம் பார்த்துச் சோறு தண்ணி இறங்கலைன்னு என்கிட்ட ஒரு பிள்ளையும் வந்ததில்லை.

மருந்து எழுதலை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே பால் காய்ச்சணும், ரெண்டு டம்ளர்ல ஊத்தணும், அம்மா முதல்ல குடிக்கணும். பிள்ளை தூங்கும் வரை சீரியல் வேண்டாம்.

அப்பத்தா முகம் வாடிருச்சு. "அவ்வளவு பெரிய வீட்டுல பேச்சுச் சத்தம்னு கேக்குறதே அது ஒண்ணுதானே தம்பி."

டாக்டரய்யா தம்பி ஆயிட்டேன். பதில் சொல்லத் தெரியலை. போதாக்குறைக்கு, என் வெயிட்டிங் ஹால் டிவியில் அந்த நேரம் ஒரு சீரியல்தான் ஓடிட்டு இருந்தது. கூட்டம் சத்தம் போடாம இருக்கட்டும்னு நான்தான் வாங்கி வெச்சேன்.

ஒரு வாரம் கழிச்சு வந்தாங்க. பிள்ளை பால் குடிக்குது. எந்த டம்ளர்னு அதுதான் எடுக்கும். அப்பத்தா ஒன்பது மணிக்கு மேல, சத்தம் குறைச்சு, மொபைல்ல பழைய எபிசோடு பார்க்கிறாங்களாம்.

ஹால் டிவி ரிமோட் இப்போ என் மேஜை டிராயர்ல. "ஏன் சார் டிவி போடலை"ன்னு தினம் நாலு பேராவது கேக்குறாங்க.