வெயில் வந்தால்தான் எழுத்து

ஜோர் பாக் மெட்ரோ நிலையத்தைவிட்டு மேலே ஏறியபோது காலை ஒன்பது மணி. ஜனவரி மாத டெல்லி. எதிர்ச்சாரி மரங்கள்கூட மூடுபனியில் பாதிதான் தெரிந்தன. டாக்குவின் சுவரைப் பார்க்க லோதி காலனிக்கு வந்திருந்தேன். இந்தியில் ‘டாக்கு’ என்றால் கொள்ளைக்காரன். இந்த கிராஃபிட்டிக் கலைஞர் இன்றுவரை பொதுவெளியில் முகம் காட்டியதில்லை.

லோதி காலனி, பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1940-களில், அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. உயரமான வளைவு வாசல்கள், தெருவைப் பார்த்த அகலமான சுவர்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் இந்தச் சுவர்களில் இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. வண்ணவண்ணமான சுவர்களைக் கடந்து நான் தேடி வந்த இடத்தில் நின்றால், அங்கே படிக்க எதுவும் இல்லை. சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் தகட்டு விளிம்புகள் துருத்திக்கொண்டிருந்தன. புறா உட்காராமலிருக்க ஏதோ அடித்துவைத்திருக்கிறார்கள் என்றுதான் புதிதாக வருபவர் நினைப்பார்.

‘காலம் எல்லாவற்றையும் மாற்றும்’ என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பிட்டு 2016-இல் டாக்கு செய்த படைப்பு இது. சுவரடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு தகடும் ஓர் ஆங்கில எழுத்து. ஆனால் பெயர்ப்பலகை எழுத்துபோலச் சுவரோடு ஒட்டியிருக்கவில்லை. அலமாரித் தட்டுபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே நின்றால் தகட்டின் கனம் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். அடியில் நின்றால்தான் ‘இ’ எழுத்தின் மூன்று பற்கள் வானத்தில் தெரிகின்றன.

டீ குடித்துவிட்டு வந்தேன். பனி விலகவில்லை. மறுபடி ஒரு டீ.

பதினொன்றுக்குச் சற்று முன்பு வெயில் வந்தது. முதலில் விளிம்புகளுக்குக் கீழே மங்கலான கறைகள். பிறகு கறைகளுக்கு ஓரம் பிடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த நிழல் எழுத்துகள் சுவரில் வரிவரியாக இறங்கின. எல்லாம் காலத்தால் மாறுகிறவற்றின் பெயர்கள். தரையில் விழும் நிழல், பொழுது ஏற ஏறக் குறுகும். இந்தக் குளிர்காலச் சுவரில் அது தலைகீழ்: பொழுது ஏற ஏற எழுத்து வளர்ந்தது. உச்சிப்பொழுதில் சாய்வு நீங்கி நேராக நின்றது. அப்போதும் சற்றுக் குள்ளம்தான். டெல்லியின் டிசம்பர், ஜனவரிச் சூரியன் நண்பகலிலும் தாழ்வாகவே நிற்கும். ஜூன் மாதத்தில் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வரும்போது இதே எழுத்து பல மடங்கு நீளமாக இழுபட்டுவிடும்.

கிராஃபிட்டியில் முப்பரிமாண எழுத்து புதிதல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டெய்ம் என்ற பெயரில் எழுதும் மிர்கோ ரைஸர், எழுத்தைச் சுற்றிக் கோடே இழுக்காமல், ஸ்ப்ரேயின் ஒளியாலும் நிழலாலும் மட்டுமே தன் நான்கு எழுத்துகளைச் சுவரிலிருந்து பிதுங்க வைப்பார். அசாத்தியமான கை. ஆனால் அந்த நிழலுக்கு ஒரே சூரியன். ஓவியர் எங்கே வைத்தாரோ அங்கேயே நிற்கும். நம் ஊரில் கடைப்பலகை எழுதுகிறவர் எழுத்துக்கு வலப்பக்கம் ஷேடு கொடுத்தால், ராத்திரியிலும் அது வலப்பக்கம்தான். டாக்கு ஷேடு போடும் வேலையைச் சூரியனிடமே விட்டுவிட்டார்.

பெயரை எழுதுவதுதான் கிராஃபிட்டியின் அரிச்சுவடி. டாக்குவும் அங்கிருந்துதான் தொடங்கினார். ஆங்கிலத்தைவிட்டு தேவநாகரியில் தன் பெயரைச் சுவர்களில் எழுதினார். பிறகு டெல்லிச் சாலைகளின் ‘ஸ்டாப்’ பலகைகளில் ஒரு சொல்லைக் கூடுதலாக ஒட்டி, ஹாரன் அடிப்பதை நிறுத்து என்பதுபோல அவற்றைப் பேசவைத்தார். கோவாவின் பணஜியில் தெருவுக்கு மேலே எழுத்துகளைத் தொங்கவிட்டு, நடப்பவர்களின் காலடியில் நிழல் வாக்கியங்களை விழச்செய்தார். இரவோடு இரவாக எழுதுகிறவனுக்கு, விடிந்ததும் வெள்ளையடிக்க ஆள் வரும் என்பது தெரியும். அழிவதை எதிர்த்து முறுக்கிக்கொண்டவர்கள் உண்டு. இவர் அழிவதையே எழுதும் முறையாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. இந்தச் சுவரை அழிக்க நகராட்சி வேண்டாம், ஒரு மேகம் போதும்.

மதியத்துக்குப் பிறகு எழுத்துகள் எதிர்ப்பக்கம் சரியத் தொடங்கின. மூன்றரைக்குள் ஒன்றோடொன்று கலந்து, படிக்க முயன்ற சொல் கோடுகளாகிவிட்டது. வெயில் மங்கியதும் மறுபடி வெறும் தகட்டு விளிம்புகள். பக்கத்து வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த ரஜாய்ப் போர்வையை ஓர் அம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கும் இந்தச் சுவருக்கும் அன்றைய வெயில் அவ்வளவுதான்.