18 இஞ்ச் ஆசையும் உப்புக் காற்றும்

இந்தப் பக்கம் ஒட்டடை படிந்து கிடந்தது. மார்ச் முடிவு, ஆடிட் என்று காரணம் அடுக்கலாம், விடுங்கள். இன்றைக்கு மேட்டர் ஒரு லேப்டாப்.

சாதா லேப்டாப் இல்லை. 18 இஞ்ச் திரை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090, விலை நாலரை லட்சம் பக்கம். கேட்டது என் மகள், பதினொன்றாம் வகுப்பு. வாயால் கேட்டிருந்தால் "பார்க்கலாம்மா" என்று நழுவியிருப்பேன். அவள் நாலு பக்கத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். தேவை, விலைப்பட்டியல், பயன்பாடு எல்லாம் தனித்தனித் தலைப்பு. "திருப்பிச் செலுத்தும் வழி" என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரே வரி: வேலைக்குப் போன பிறகு :-)

இருபது வருஷமாகக் கடன் மனுக்களைப் பார்க்கிறவனிடம் ரிப்போர்ட் வந்தால் அதை முறைப்படி பரிசீலிக்கத்தானே வேண்டும்? நான் பி.காம். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. ஆனால் லாரி வாங்கக் கடன் கேட்டு வருபவரிடம் லாரி எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று கேட்கத் தெரியும். இங்கேயும் கேள்வி அதுதான். இந்த மெஷின் ஓடப் போவது கேம்பல் பேயில்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரை. சுனாமி, பெரிய துறைமுகத் திட்டம் என்று செய்தியில் அடிபடுகிற தீவு. போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், இங்கிருந்து கடல் வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். சுமத்ரா அதைவிடக் கிட்டே.

முதலில் அந்த 5090 என்ற பெயர். நம்ம ஊரில் ஒரே தெருவில் நாலு சுடலைமுத்து இருப்பார்கள். பட்டப்பெயர் வைத்துத்தான் பிரிப்போம். என்விடியா முன்பு அப்படித்தான் செய்தது. லேப்டாப் கார்டு என்றால் எண்ணுக்குப் பின்னால் ஓர் 'எம்' இருக்கும். 2016-ல் வந்த 10 வரிசையில் அந்த எம்மை எடுத்தார்கள். அப்போது நியாயம் இருந்தது, லேப்டாப் கார்டும் டெஸ்க்டாப் கார்டும் கிட்டத்தட்ட சமம். பிறகு இடைவெளி திரும்ப வந்தது, எம் மட்டும் வரவில்லை. இப்போது டெஸ்க்டாப் 5090-இல் 21,760 கோர்கள், 32 ஜிபி நினைவகம், 575 வாட். லேப்டாப் 5090-இல் 10,496 கோர்கள், 24 ஜிபி, அதிகபட்சம் 150 வாட், சமயத்தில் கூடுதலாக 25. கோர் எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. விளம்பரத்தில் 'லேப்டாப் ஜிபியு' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கடன் பத்திரத்தில் நாங்கள் போடுகிற மாதிரி (ஹி ஹி).

அதிலும் இன்னொரு வேடிக்கை. அந்த ஒரே சிப்புக்கு 95 வாட்டும் கொடுக்கலாம், 150 வாட்டும் கொடுக்கலாம். முடிவு செய்வது லேப்டாப் கம்பெனி. ஒல்லியான உடம்பில் அடைத்த 5090, நல்ல குண்டு உடம்பில் முழு வாட் வாங்குகிற 5080-இடம் தோற்கக்கூடும். ஆகவே வாங்கப் போகிறவர்கள் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல் எத்தனை வாட் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வேறு கடை.

மகளிடம் இதைச் சொன்னேன். "தெரியும்ப்பா, மூணாம் பக்கம் பாருங்க" என்றாள். பார்த்தேன். வாட் எழுதியிருந்தாள்.

அவள் எழுதாதது கரண்ட். இங்கே மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து, அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும். இந்த வகை லேப்டாப்புகளுக்கு 330 வாட், 400 வாட் என்று அடாப்டர் வருகிறது. செங்கல் மாதிரி அதுவே ஒரு கிலோ தேறும். லேப்டாப் மூன்றரை கிலோ பக்கம். (இதற்கெல்லாம் பெரியண்ணன் ஒன்று இருந்தது. 2017-ல் ஏசர் ப்ரிடேட்டர் 21 எக்ஸ். 21 இஞ்ச் வளைந்த திரை, இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு அடாப்டர், எடை எட்டு கிலோவுக்கு மேல். அதை மடியில் வைத்தால் காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.)

பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப் போகிற வரம்பு 100 வாட்-ஹவர். அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பானாலும் பேட்டரி 99 சொச்சத்தில் நின்றுவிடும். 250, 300 வாட் இழுக்கிற மெஷினுக்கு அது கொசுறு. கரண்ட் போனதும் மெஷினே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும், அப்படியும் முழு வேலை கொடுத்தால் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. வீட்டு இன்வெர்ட்டரில் போடலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் ஏட்டளவில் 1,800 வாட்-ஹவர், கழிவு போக நாலைந்து மணி நேரம் வரும். ஆனால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ். ஆக, லேப்டாப் விலையோடு இன்வெர்ட்டர் விலையும் சேர்ந்தது.

இதைவிடப் பெரிய எதிரி உப்பு. எங்கள் பழைய 15.6 இஞ்ச் லேப்டாப் இங்கே வந்து ஒன்றரை வருஷத்தில் பச்சை பூத்துவிட்டது. பென் டிரைவ் செருகுகிற ஓட்டைக்குள் செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சை. ஃபேன் தேய்ந்து கிரைண்டர் சத்தம். சர்வீசுக்குச் சென்னை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து "தண்ணீர் பட்ட சேதம், வாரண்டி கிடையாது" என்று ஒரு சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. தண்ணீரே படவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். காற்று பட்டது, அவ்வளவுதான்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். சமையல் உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து தண்ணீராகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதுதான். இங்கே பல மாதங்களுக்கு ஈரப்பதம் அதற்கு மேலேதான். கடல் காற்றில் வருகிற உப்புத் தூள் சர்க்யூட் போர்டில் உட்காருகிறது, ஈரம் குடிக்கிறது, கரண்ட் ஓடுகிற கம்பிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர். அரிக்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் விலை கூடின லேப்டாப்புக்குப் பாதகம். சாதா லேப்டாப் மெல்ல மூச்சு விடும். இது இரண்டு மூன்று ஃபேன் வைத்துப் புயல் மாதிரி காற்றை இழுக்கும். எவ்வளவு காற்றோ அவ்வளவு உப்பு. ஏசி அறைக்குள் ஜன்னலைச் சாத்தி வைத்து, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்தால் தாங்கும். காட்டுகிற வெப்பநிலையும் குறையும். அறையில் ஐந்து டிகிரி குறைந்தால் உள்ளேயும் ஏறக்குறைய அந்த ஐந்து குறையும். ஆனால் ஏசிக்கும் டீசல்தான்.

"அப்போ டெஸ்க்டாப் வாங்கிடலாமேங்க, கெட்டுப் போற பார்ட்டை மட்டும் மாத்திக்கலாம்" என்றார் தங்கமணி. தீவில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் சரியான பதில், மறுக்க மாட்டேன். போர்ட் பிளேருக்குச் சொல்லிவிட்டால் பார்ட் கப்பலில் வரும். ஆனால் நான் மாற்றலில் ஓடுகிற ஜாதி. அடுத்த ஆர்டர் எந்த ஊரோ. மானிட்டரைக் கப்பலேற்றி, தீவு தீவாக நின்று போகிற பயணத்தில் உடையாமல் கொண்டு போவது என்னால் ஆகாது. லேப்டாப்பே இருக்கட்டும்.

சரி, அவளுக்கு எதற்கு இது? ரிப்போர்ட்டில் 'பயன்பாடு' என்ற இடத்தில் பிளெண்டரில் முப்பரிமாண உருவம் செய்வது, மைன்கிராஃப்ட் என்று இரண்டே சொல். மைன்கிராஃப்ட் தெரியாதவர்களுக்கு: கட்டம் கட்டமாகக் கற்களை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். இவளும் பாளையங்கோட்டையில் கூடப் படித்த மூன்று பிள்ளைகளும் சேர்ந்து அதற்குள் நெல்லை ரதவீதியைக் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி இப்போது துபாயில், ஒருவன் சிங்கப்பூரில், மூன்றாவது பெண் மட்டும் ஊரிலேயே. சனிக்கிழமை ராத்திரி நாலு பேரும் கூடுவார்கள். அல்வாக் கடை வாசலில் எத்தனை படி என்று ஒரு மணி நேரம் சண்டை.

மாற்றல் ஆர்டர் வந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. இங்கே தமிழர்கள் இல்லாமல் இல்லை. 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவக் குடும்பங்களில் பஞ்சாபி, மராத்திக் குடும்பங்களோடு தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குள் பொது மொழி இந்தி. அவளும் கற்றுக் கொண்டாள், நன்றாகவே பேசுகிறாள். வீட்டில் பேச்சு குறைந்து போனதை நாங்கள்தான் கவனித்தோம். சனிக்கிழமை மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து "ஏல, அந்தக் கல்லைத் தூக்கி அங்க வைக்காதல" என்று கேட்கும். கூடவே சிரிப்பு. தங்கமணி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அதைக் கேட்டுக் கொண்டிருப்பார்.

ஆக, நான் மதிப்பிட வேண்டியது அந்தச் சனிக்கிழமையை. அதற்கு 5090 என்ன செய்யும் என்று பார்த்தால், ரொம்ப ஒன்றுமில்லை. அந்தப் பேச்சு தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்வது கடலுக்கடியில் இருக்கிற கேபிள் புண்ணியம். சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்கு 2,300 கிலோமீட்டர் நீளத்தில் போட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள், அதன் ஒரு முனை எங்கள் தீவு. அதற்கு முன்னால் எல்லாம் சாட்டிலைட் வழிதான். 36,000 கிலோமீட்டர் மேலே போய், கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்புவதற்குள் அரை விநாடி ஓடிவிடும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 2,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 20 மில்லிசெகண்ட். நடுவில் இருக்கிற பெட்டிகள் எடுக்கும் நேரம் தனி. நாலரை லட்சம் கொடுத்தாலும் இதில் ஒரு மில்லிசெகண்ட் குறையாது.

திரையில் மட்டும் நான் அவள் கட்சி. 18 இஞ்ச் திரையின் பரப்பு பழைய 15.6-ஐவிட 40 சதவீதம் அதிகம். ரதவீதியைக் காட்டும்போது நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயம் பார்க்கலாம். எனக்கு வெள்ளெழுத்து வேறு. ஆனால் 4கே வேண்டாம். 2560-க்கு 1600 போதும். 4கே என்றால் கார்டு இரண்டேகால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும், அந்தச் சூடெல்லாம் ஃபேனுக்கு, ஃபேன் உப்புக்கு.

அப்புறம் நம்ம தொழில் கணக்கு. கம்பெனிச் சட்டம் 2013 லேப்டாப்புக்குத் தருகிற ஆயுள் 3 வருஷம். வருஷம் 40 சதவீதம் தேய்மானம் என்று போட்டால் 4,50,000 ரூபாய் மூன்று வருஷத்தில் 97,200. அது பழுது இல்லாத லேப்டாப்புக்கு. பச்சை பூத்ததை யார் வாங்குவார்கள்? அவள் காலேஜுக்கு எடுத்து வைத்திருக்கிற பணத்திலிருந்துதான் இதுவும் போக வேண்டும்.

என் குறிப்பை எழுதி ரிப்போர்ட்டிலேயே கிளிப் போட்டுக் கொடுத்தேன். 18 இஞ்ச், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 12 ஜிபி, குண்டு உடம்பு, முழு வாட். அவள் பட்டியலின்படியே விலை ஏறக்குறைய அறுபது சதவீதம். மிச்சத்தில் மூன்று வருஷ வாரண்டி, சைன் வேவ் இன்வெர்ட்டர், அவள் அறைக்குச் சின்ன ஏசி. வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம் என்கிற வாரண்டியில் 744302 என்ற பின்கோடு அடங்குமா என்று எழுத்தில் பதில் தருகிற கம்பெனிதான் இறுதிச் சுற்றுக்கு.

படித்துவிட்டு, "பிளெண்டருக்கு 12 ஜிபி பத்தாமப் போனா?" என்றாள். நியாயமான கேள்வி. பெரிய காட்சி கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், சில சமயம் வேலையே நின்றுவிடும். அவள் செய்த பெரிய கோபுரக் காட்சியைப் பழைய மெஷினில் திறந்து எவ்வளவு நினைவகம் கேட்கிறது என்று பார்த்தோம். 7 ஜிபி. "படிப்புக்கு அதான்னு முடிவானா அப்பத் திரும்பப் பேசுவோம்" என்றேன். 16 ஜிபி உள்ள 5080-ஐயும் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துக் கொண்டாள். விட மாட்டாள்.

அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறோம், வழியில் இரண்டு நாள் சென்னை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறு எங்காவதோ டெமோ மெஷினில் அரை மணி நேரம் முழு லோடு கொடுத்துப் பார்க்க விடுகிற கடை இருந்தால் சென்னைவாசிகள் யாராவது சொல்லுங்கள். ஃபேன் சத்தத்தைக் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும், சனிக்கிழமை நாங்கள் வெளியே உட்கார்ந்து கேட்கிற சத்தத்தை அது மூடிவிடக் கூடாது.