கடைசிப் பெட்டியில் இருக்கிற எக்ஸ்

என் பேத்திக்கு நான் 'மணியாச்சி ஆச்சி'. பெங்களூருவில் இருக்கிற இன்னொரு பாட்டியிடமிருந்து என்னைப் பிரித்துச் சொல்ல அவள் வைத்த பெயர். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். போன கோடை லீவுக்கு வந்தவள், என் செல்போனில் ஸ்கிராபிள் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவள் அங்கே, நான் இங்கே. ஆளுக்கு ஏழு இங்கிலீஷ் எழுத்துகள். அதை வைத்து வார்த்தை கோக்க வேண்டும்.

ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களில் வேலை இல்லாமல் இருந்தபோது கண்டுபிடித்த விளையாட்டு இது. எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று பத்திரிகையை வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார். மொத்தம் 100 கட்டைகள். அடிக்கடி வரும் இ-க்கு 12 கட்டை, ஆளுக்கு ஒரு பாயின்ட்தான். அபூர்வமான கியூ, இசட் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டை, தலா பத்து பாயின்ட். ஜே, எக்ஸ் வந்தால் எட்டு.

முதல் மாதம் பூராவும் தோற்றேன். பேத்திக்கே பாவமாகிவிட்டது.

"ஆச்சி, பெரிய வார்த்தை எல்லாம் தேடாத. கியூ வந்தா பக்கத்துல ஐ வை. இசட் வந்தா ஏ வை. பதினோரு பாயின்ட் வந்துரும்."

"அப்படின்னா என்ன அர்த்தம் தாயி?"

"மீனிங் எல்லாம் வேணாம் ஆச்சி. போன் ஒத்துக்கிடும்."

எனக்குச் சுருக்கென்றது. அதற்குக் காரணம் உண்டு. நான் தமிழ் மீடியம். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கட்டுரையை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பரீட்சையில் நடுவில் ஒரு வார்த்தை மறந்தது. அவ்வளவுதான், பின்னால் வர வேண்டியது எல்லாம் நின்றுபோனது. 31 மார்க். அதோடு என் படிப்பும் நின்றது.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வைக்கிற வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் எழுத ஆரம்பித்தேன்.

கியூ, ஐ: 'சீ' என்று சொல்ல வேண்டும். சீனச் சொல். உடம்பில் ஓடுகிற உயிர்ச்சக்தி.

இசட், ஏ: அமெரிக்கர்கள் பீட்சாவைச் செல்லமாகச் சுருக்கியது.

ஜே, ஓ: ஸ்காட்லாந்தில் அன்புக்குரியவரைக் கூப்பிடுவது.

ஏ, ஐ: இப்போது எல்லாரும் பேசுகிற ஏஐ இல்லை. மூன்று விரல் உள்ள சோம்பேறி விலங்கு.

கியூ, ஏ, டி: ஏமன் நாட்டில் மெல்லுகிற இலை. நம்ம ஊர் வெற்றிலை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், போதை தரும்.

இசட், ஏ, எக்ஸ்: கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டுகிற கருவி. மூன்றே எழுத்துக்கு 19 பாயின்ட்!

ஓ, எக்ஸ்: இதற்கு நோட்டே வேண்டாம். கரிசல் காட்டை உழுத மாடு.

நோட்டைப் பற்றிச் சொன்னதும் பேத்தி ஒரு போடு போட்டாள். நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு அகராதியை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலக சாம்பியன் ஆனாராம். "பாத்தியா ஆச்சி, மீனிங் தெரியாமலே ஜெயிக்கலாம்!"

அது உண்மையான செய்தி. என்னிடம் பதில் இல்லை.

இந்த லீவுக்கு வந்தபோது அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ஊர் என்று சொன்னேன். தூத்துக்குடிக்குத் தடம் பிரிகிற இடத்தையும் காட்டினேன். அப்போது ஒரு ரயில் கடந்து போனது. கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சள் நிறத்தில் பெரிய எக்ஸ்.

"அது எதுக்கு ஆச்சி?"

எனக்கு எங்க ஐயா ஞாபகம் வந்தது. அவர் ரயில்வேயில் கேட் கீப்பர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே நாலைந்து எழுத்துதான். கேட்டுக்கு முன்னால் தண்டவாளத்து ஓரம் 'டபிள்யூ, எல்' என்று ஒரு பலகை நிற்கும். 'இங்க கேட் வருது, ஊதிட்டு வா' என்று டிரைவருக்குச் சொல்வது அது. கடைசிப் பெட்டியில் 'எல், வி' என்று ஒரு தகடு தொங்கும். கடைசி வண்டி என்று அர்த்தம். ராத்திரியானால் சிவப்பு விளக்கு. பச்சைக் கொடியோடு நிற்கிற ஐயா, அந்தத் தகடு கண்ணில் படுகிற வரை வீட்டுக்குள் வர மாட்டார்.

"அது இருந்தா வண்டி முழுசாப் போயிருச்சுன்னு அர்த்தம். இல்லேன்னா நடுவுல எங்கயோ கழண்டு நிக்குதுன்னு அர்த்தம். பின்னால அடுத்த வண்டி வந்தா என்னாகும்?" என்பார்.

இதை அப்படியே பேத்தியிடம் சொன்னேன். "இப்போ அந்த வேலையத்தான் எக்ஸ் பாக்குது தாயி. ஐயாவுக்கு நாலு எழுத்துதான் தெரியும். நாலுக்கும் அர்த்தம் தெரியும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் மறைகிற வரை அந்த எக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போய் பத்து நாள் இருக்கும். ஆட்டத்தின் நடுவில் போன் அடித்தது.

"ஆச்சி! சி, ஏ, எஸ், எச் வச்சேன். சும்மா மீனிங் பாத்தேன். கேஷ்னா ரொக்கம் மட்டும் இல்லையாம். அதே எழுத்துல இன்னொரு வார்த்தை இருக்காம். அந்தக் காலத்துச் சில்லறை நாணயமாம். தமிழ்ல இருக்கிற 'காசு'தான் போர்ச்சுகீசியர் வழியா அப்படி ஆச்சாம்! நம்ம வார்த்தை ஆச்சி!"

ஒன்பது பாயின்ட் வார்த்தைதான். ஆனாலும் அன்றைக்கு நான் தோற்றது எனக்குத் தெரியவே இல்லை. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்போது பெங்களூருவில் அவளும் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். அதில் தமிழ் அர்த்தம் எழுதத்தான் தினமும் என்னைக் கேட்கிறாள்.