கைதட்டல் இல்லாத இசை

அக்டோபர் மாதக் கடைசியில் எங்கள் பாடற்குழுவுக்கு ஓய்வே கிடையாது. கல்லறைத் திருநாள் பூசைக்கான பாடல்களைப் பழகியாக வேண்டும். பத்தாம் வகுப்பினராகிய நாங்கள்தான் குழுவில் மூத்தவர்கள்; ஆகையால் சத்தமும் எங்களுடையதே அதிகம். ஒரு நாள் மாலை பாட்டு சிஸ்டர், "இன்று பாட வேண்டாம் பிள்ளைகளே, கேளுங்கள்" என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கிலேயர் இயற்றிய 'வார் ரெக்வியம்' அது. போரில் மடிந்தோருக்கான பூசை இசை.

தொடக்கத்தில் மணி ஒலிக்கிறது, பாடகர்கள் முணுமுணுக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருதி சேரவில்லை என்று நினைத்தோம்! கர்நாடக சங்கீதம் கற்கும் தோழி ஒருத்தி, "ஷட்ஜமும் பிரதிமத்திமமும், பஞ்சமத்தைத் தொடாமல் அங்கேயே நிற்கிறார்கள்" என்று கண்டு சொன்னாள். வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார் என்றார் சிஸ்டர்.

இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரின் பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியர் குண்டு வீச்சில் எரிந்து போயிற்று. அவ்விரவில் நகரத்தில் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். இடிந்த சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதிய ஆலயம் கட்டினார்கள். அதன் திறப்பு விழாவையொட்டி 1962 மே 30ஆம் நாள் இவ்விசை முதன்முதலாக அரங்கேறியது.

எங்கள் பாட்டிமார் அறிந்த அதே இலத்தீன் பூசை வார்த்தைகளோடு, வில்ஃபிரட் ஓவன் என்ற போர்வீரரின் ஆங்கிலக் கவிதைகளையும் பிரிட்டன் கலந்திருக்கிறார். ஓவன் 1918 நவம்பர் 4ஆம் நாள், தமது 25ஆம் வயதில் பிரான்சுப் போர்முனையில் இறந்தார். இன்னும் ஏழே நாளில் போர் ஓய்ந்தது. ஓய்ந்த அந்த நாளில், ஊரெங்கும் ஆலய மணிகள் முழங்கும் வேளையில்தான் அவருடைய தாயாருக்குத் தந்தி வந்ததாம். இதைக் கேட்டபின் முதலில் நாங்கள் சிரித்த மணி வேறு மணியாகிவிட்டது.

நடுவில் ஆபிரகாம், ஈசாக்கின் கதை வருகிறது. ஞானோபதேச வகுப்பில் நாங்கள் படித்தபடி அது முடிவதில்லை. சம்மனசு தடுத்தும், ஆட்டுக்கடாவைக் காட்டியும், ஓவனின் கிழவன் கேளாமல் மகனை வெட்டிவிடுகிறான். ஐரோப்பாவின் பிள்ளைகளையும் வெட்டுகிறான். அந்நேரம் எங்கோ தொலைவில் சிறுவர்கள் காணிக்கைப் பாட்டுப் பாடுகிறார்கள்.

எங்களில் ஒருத்தியின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள். "இதைப் போய்ப் பாட்டாக்கி, அதைக் கேட்டுக் கைதட்டுவார்களா சிஸ்டர்?" என்றாள். குரலில் கோபம் இருந்தது.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "கைதட்ட வேண்டாமென்று பிரிட்டனே கேட்டுக்கொண்டார். அன்று யாரும் தட்டவில்லை" என்றார்.

நாங்களாயிருந்தால் தட்டியிருப்போம், ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி சரியானால்கூடத் தட்டுகிறவர்கள் நாங்கள். நினைவுத் தூணென்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிடலாம். இதற்கோ ஏறக்குறைய 85 நிமிடம் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

மூன்று நாட்டவரைப் பாடவைக்க பிரிட்டன் விரும்பினார். ரஷ்யப் பாடகி கலீனா விஷ்னெவ்ஸ்கயாவை முதல் நிகழ்ச்சிக்கு அவருடைய அரசாங்கம் அனுப்பவில்லை. ஆங்கிலேயர் பீட்டர் பியர்ஸும், ஜெர்மானியர் ஃபிஷர் டீஸ்கௌவும் பாடினார்கள். பின்னவர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையிலிருந்து, இத்தாலியில் கைதியானவர். கடைசிப் பாட்டில் இறந்துபோன இரண்டு வீரர்கள் பாதாளத்தில் சந்திக்கிறார்கள். ஒருவனைக் கொன்றவன் மற்றவன். அதை இந்த இருவரும் பாடினார்கள்.

முடிவில் மணி மீண்டும் வந்தது. அதே இரண்டு சுரங்கள். கடைசி மூச்சில் மட்டும் அந்த உரசல் தணிந்தது. தோழி ஜன்னலை விட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். நகர்ந்து இடம் விட்டோம்.

அண்ணனிடமிருந்து செய்தி உண்டா என்று அதுவரை அவளை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டோம்.